ஆளுக்குப் பாதி

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் சோலைராஜ் தன் பெண்டாட்டியிடம் பேசியதையெல்லாம் ஒன்றாகக் கூட்டினாலும் ஒரு பந்தி சாப்பிட்டு எழுந்திருக்கும் நேரத்துக்குக்கூட வராது. ஊமை இல்லை, கோபக்காரரும் இல்லை. இடது கன்னத்தில் எந்நேரமும் புகையிலை இருந்தது, அவ்வளவுதான். வாயைத் திறந்தால் எச்சில் வழிந்து சட்டை பாழாகும். அதனால் ஆமாம் என்றால் 'ம்', இல்லை என்றால் 'ம்ஹூம்'. பெற்ற மகள் அபிநயாவைக் கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்தபோது மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கும் ஒரு 'ம்'தான். போன் அடித்தால் எடுக்கவே மாட்டார். அடிக்கிறவர்கள் அடித்து அடித்து அலுத்துப்போக வேண்டியதுதான்.

"ரெண்டே ரெண்டு சத்தத்த வச்சுக்கிட்டு நான் குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கேன்" என்று ஜெயக்கொடி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பாளே தவிர, உள்ளுக்குள் அது அவளுக்கு ஒரு குறைதான்.

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிற ஆண்கள் நிறையப் பேருக்கு இந்தக் கதைதான். ஆலைக்குள் பீடி, சிகரெட், தீப்பெட்டி எதுவும் ஆகாது. வாசலிலேயே மடியைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். புகைக்க வழியில்லாதவன் கன்னத்தில் அடக்கிக்கொள்வான். போதாததற்கு, வாயில் புகையிலை இருந்தால் மருந்துத்தூள் தொண்டையில் இறங்காது என்று எந்தப் புண்ணியவானோ ஒரு பொய்யை வேறு சொல்லிவைத்திருக்கிறான். பதினெட்டு வயதில் வெடிக்கு மருந்து செலுத்தும் வேலைக்குப் போன சோலைராஜ் அதை நம்பினார். சாயங்காலம் கையெல்லாம் அலுமினியத் தூள் வெள்ளியாக மின்ன, கன்னம் உப்ப வீடு வருவார். ஜெயக்கொடி அவரைக் கட்டிக்கொண்டபோதே அந்தக் கன்னம் அப்படித்தான் இருந்தது.

பிறகு வாய் திறப்பது குறைந்தது. இட்லியைப் பிய்த்துத் தள்ள வேண்டியிருந்தது. இரண்டு விரலுக்கு மேல் உள்ளே போகவில்லை. இடது கன்னத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. மதுரையில் பெரிய டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "வெட்டி எடுத்துரலாம், இன்னும் கைய மீறிப் போகல. ஆனா புகையிலை வாயில இருக்கிற வரைக்கும் நான் கத்திய எடுக்க மாட்டேன். புண்ணு ஆறாது, திரும்ப வரும். மொதல்ல விட்டுட்டு வாங்க. தை பிறந்ததும் பண்ணிரலாம்" என்றார்.

விட்டுவிட்டு வா என்றால் விட்டுவிடுகிற சங்கதியா அது? சோலைராஜ் விட்டுப் பார்க்காதவர் இல்லை. வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டால் விரதம் முடிகிற வரைக்கும் தொட மாட்டார். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய கையோடு பொட்டலத்தைப் பிரிப்பார். தோலில் ஒட்டுகிற மருந்துப் பட்டை ஒட்டிப் பார்த்தார், மெல்லுகிற மிட்டாய் மென்று பார்த்தார். ஜெயக்கொடி, "மனசு வச்சா முடியாதது உண்டா? ஒங்களுக்கு மனசில்ல" என்று திட்டுவாள். அதற்கும் ஒரு 'ம்'.

அப்படியிருந்த நேரத்தில்தான் 'பாதி' வந்தது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஊர் ஜனம் அதைப் 'பாதி' என்றது. சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வில்லை. புகையிலையை விடுகிறவருக்குக் காதுக்குப் பின்னால் ஒன்று, அவர் வீட்டு ஆள் ஒருவருக்குக் காதுக்குப் பின்னால் ஒன்று. போனில் சத்தம் போகிற மாதிரி இவருடைய ஏக்கம் பாதி அவருக்குப் போய்விடும். எத்தனை மைல் தள்ளி இருந்தாலும் போகும். பங்கு வாங்கிக்கொள்கிறவர் ஆயுளில் புகையிலையைத் தொட்டிருக்கக் கூடாது, அது ஒன்றுதான் விதி.

"நான் வாங்கிக்கிடுறேம்மா" என்று அபிநயா கோவில்பட்டியிலிருந்து சொன்னாள்.

"வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு இந்தச் சனியன வாங்குறியாக்கும்! பேசாம இரு. கட்டிக்கிட்டவ நான் இருக்கேன்" என்றாள் ஜெயக்கொடி.

வில்லை பொருத்தும் இடத்தில் பிரிசில்லா என்று ஒரு சிஸ்டர். நாசரேத்துக்காரப் பெண். வெடுக்கென்று பேசுவாள், ஆனால் மனசில் ஒன்றும் கிடையாது. ஜெயக்கொடி அவளிடம் கேட்டாள்: "ஏன் சிஸ்டர், எதுக்கு இன்னொரு ஆளு தலையில கட்டணும்? அந்த ஏக்கத்த அப்பிடியே அமுக்கி வச்சிர முடியாதா?"

"அமுக்கித்தான்க்கா பாத்தாங்க. மொதல்ல வந்த வில்லை எல்லாம் அமுக்குறதுதான். புகையிலைய விட்டாங்க, ஆனா சோறு எறங்கல, உறக்கம் இல்ல, புள்ளைகளக் கண்டாலே எரிச்சலு. சில பேரு தப்பான முடிவுக்கே போயிட்டாங்க. மூளை கேட்டுக்கிட்டே இருக்கும், யாராவது கேட்டாகணும். அதான் இப்ப ரெண்டு பேருமாக் கேக்குறது. ஒங்க மூளைக்குப் புகையிலைன்னா என்னன்னே தெரியாது. இது எதுக்கு அழுவுதுன்னு அதுக்குப் புரியாது. புரியாமலே தாங்கும். ஒங்களப் பாத்து அவரு மூளையும் தாங்கப் பழகிரும்."

வில்லை பொருத்துவதற்காக வாயைக் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்திருந்த சோலைராஜ் திடீரென்று பேசினார். "மருந்த இறுக்கி அடச்சா வெடி. தரையில விரிச்சுப் போட்டுப் பத்த வச்சா, புஸ்ஸுன்னு பொசுங்கிப் போயிரும். அப்பிடித்தான, சிஸ்டர்?"

"கரெக்ட்டு அண்ணாச்சி!"

இவருக்கு இவ்வளவு நீளம் பேச வருமா என்று ஜெயக்கொடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிஸ்டரிடம் திரும்பி, "எனக்கு அது எப்ப ஓயும்?" என்றாள்.

"ரெண்டு விதமா ஓயும்க்கா. மெல்ல மெல்ல, நமக்கே தெரியாமக் கொறஞ்சுக்கிட்டு வந்துச்சுன்னா, அவரு நெசமாவே விடுறாருன்னு அர்த்தம். படக்குன்னு சுவிட்ச அமத்துன மாதிரி ஓஞ்சிச்சுன்னா..." பிரிசில்லா சோலைராஜைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "அண்ணாச்சி எங்கயோ களவாணித்தனம் பண்றாருன்னு அர்த்தம்."

"ரெண்டு விதம்தானா?"

"ரெண்டே விதம்தான்."

தீபாவளி முடிந்து ஆலை அடைத்திருந்த சமயம் அது. வில்லைக்குள் பேட்டரி இருப்பதால் அதோடு ஆலைக்குள் போக முடியாது. தை மாதம் ஆபரேஷன் முடிகிற வரைக்கும் லீவு சொல்லிவிட்டு சோலைராஜ் வீட்டில் இருந்தார். ஜெயக்கொடிக்கோ நேர்மாறு. அவள் தினசரி காலண்டர் தயாரிக்கிற இடத்தில் வேலை பார்த்தாள். தேதித் தாள்களை அடுக்கி, மெஷினில் கொடுத்துப் பின் அடித்து, சாமி படம் போட்ட அட்டையில் பொருத்துகிற வேலை. கார்த்திகை, மார்கழியில் அங்கே மூச்சு விட நேரம் இருக்காது.

அந்த மெஷினுக்கு முன்னால் நின்றிருக்கும்போதுதான் அவளுக்கு முதல்முதலாக வந்தது.

இடது கன்னத்துக்குள் எச்சில் ஊறியது. புளியைப் பார்த்தால் ஊறுவது வேறு. இது வயிற்றுக்குள்ளிருந்து யாரோ கையை நீட்டித் தா, தா என்று கேட்கிற மாதிரி இருந்தது. நாக்கு தானாகப் போய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் எதையோ தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. இல்லை என்று தெரிந்ததும் உடம்பெல்லாம் எரிச்சல். பக்கத்தில் நின்ற தங்கேஸ்வரி ஏதோ கேட்டதற்கு, "வேலையப் பாருடி, சும்மா தொணதொணன்னுட்டு" என்று சீறிவிட்டாள். தங்கேஸ்வரி முகம் சுருங்கிப்போனது. ஜெயக்கொடி கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

வலியால் அழவில்லை. இது பாதி. வெறும் பாதி. முழுசையும் வைத்துக்கொண்டு அந்த மனுஷன் மாலை போட்ட நாளெல்லாம் சாமி சாமி என்று சுற்றினாரே. அவரைப் பார்த்து 'மனசில்ல' என்று சொன்னோமே. என்ன நாக்கு இது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், "இப்பிடியாங்க இருக்கும்? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"எப்பிடிச் சொல்ல? வாயில இருந்துச்சே" என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள். சிரித்ததும் அவள் மறுபடி அழுதாள்.

பிரிசில்லா சொன்னபடி கிராம்பு வாங்கிக்கொண்டார்கள். ஏக்கம் வரும்போது ஒரு கிராம்பைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ள வேண்டும். ஒரே டப்பாவிலிருந்து இரண்டு காகிதத்தில் மடித்து, ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். ராத்திரி சாப்பிட்டதும், "வாயைக் காட்டுங்க" என்பாள் ஜெயக்கொடி. சின்னப் பிள்ளையை வாத்தியார் மிரட்டுகிற தோரணையில்தான் கேட்பாள். அவர் இரண்டு விரல் அகலத்துக்கு வாயைத் திறந்து காட்டுவார். அவள் விரலை விட்டு இடது கன்னத்தைத் தடவிப் பார்ப்பாள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஒரு மதியம், படக்கென்று ஓய்ந்தது.

காய்ச்சல் விட்ட மாதிரி இருந்தது. தோள் இறங்கியது, தாடை தளர்ந்தது, மெஷின் சத்தம்கூட இதமாகக் கேட்டது. ஆகா என்றிருந்தது அவளுக்கு. அந்த ஆகாவுக்கு நடுவில்தான், ஐயையோ, என்று உறைத்தது. போன் போட்டாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினாள்.

சோலைராஜ் கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வச்சீகளா?"

"ம்ஹூம்."

அந்த 'ம்ஹூம்' ஒன்றே போதாதா? வாயில் ஒன்றுமில்லாதவர் 'இல்ல கொடி' என்றல்லவா சொல்லியிருப்பார். ஜெயக்கொடி அவர் தாடையைப் பிடித்து, விரலை விட்டுத் தோண்டி எடுத்துத் தரையில் எறிந்தாள். "தை மாசம் கத்தி வைக்க மாட்டாரு அந்த டாக்டரு. தெரியுதா? ஒங்க மூஞ்சி போயிரும். ஒங்க உசுரு போயிரும். நான் எதுக்குய்யா இத ஒட்டிக்கிட்டுத் திரியுறேன்? எனக்கென்ன தலையெழுத்தா?"

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். தலை நிமிரவில்லை. மெதுவாகக் கேட்டார்: "ஒனக்கும் இதமாத்தான இருந்துச்சு?"

ஜெயக்கொடி விளக்குமாற்றை எடுத்துத் தரையில் கிடந்ததைக் கூட்டித் தள்ளினாள்.

"பொய் சொல்லாத கொடி. இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு" என்றாள் அவள். சொன்னதும் அவமானத்தில் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இனி வச்சேன்னா நீ எங்கிட்டப் பேசாத. போன் எடுக்காத. ஏறெடுத்தும் பாக்காத. ஒன்மேல சத்தியம்" என்றார்.

அதன் பிறகு அவர் வைக்கவில்லை. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு நாளும் படக்கென்று ஓயவில்லை. தா, தா என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தது. வெளியே யாரிடமும் சொல்ல முடியாத கூத்தெல்லாம் அவளுக்கு நடந்தது. பஸ்ஸில் பக்கத்து ஆள் மேல் புகையிலை வாடை அடித்தால் முன்பெல்லாம் மூக்கைப் பொத்துவாள். இப்போது அந்தப் பக்கமாகவே ஒரு அடி நகர்ந்து நின்றுவிட்டு, பிறகு வெட்கத்தில் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கினாள். இன்னொரு நாள், 'ஒரே ஒரு தடவை அந்த மனுஷன் வச்சுத் தொலச்சா என்ன' என்று மனசு சொன்னது. ஆமாம், அவள் மனசுதான் சொன்னது. கிராம்பைக் கடித்து நொறுக்கினாள்.

ஆனால் இதிலெல்லாம் ஒரு நல்லது நடந்தது. சோலைராஜ் பேச ஆரம்பித்தார்.

காலியான வாய் சும்மா இருக்குமா? இருபத்திரண்டு வருஷத்துப் பேச்சு மொத்தமும் வரிசை கட்டி வந்தது. மதியம் அவளுக்குச் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரம் பார்த்துப் போன் போடுவார். பூண்டு உரிக்கிறேன், இன்னைக்குக் குழம்புக்குக் கத்திரிக்காய் போடவா வெண்டைக்காய் போடவா, எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கு, இப்படி ஒன்றுமில்லாத சமாச்சாரம். தங்கேஸ்வரி கூட்டமே கேலி பண்ணும். "அக்கா, புதுமாப்பிள்ள லைன்ல இருக்காரு!" என்று கத்துவாள். "போங்கடி" என்று ஜெயக்கொடி போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விடுவாள். நாற்பத்தைந்து வயதில் அவளுக்கு முகம் சிவந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோலைராஜ் சொன்னார்: "ஒன்னப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு வாடாமல்லிக் கலர்ல ஒரு சேல கட்டியிருந்த."

"ஆமா. எங்க சித்தி சேல அது."

"ரொம்ப நல்லாருக்குன்னு சொல்லணும்னு நெனச்சேன். புடிச்சிருக்கான்னு கேட்டாக. வாயில இருந்துச்சு. 'ம்'னு மட்டும் சொன்னேன்."

"அத இப்பச் சொல்றீகளாக்கும்!"

"ஆபரேஷன் முடிஞ்சு வாய் நல்லாத் தொறந்ததும் இன்னும் சொல்றேன். கொள்ளக் கெடக்கு."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். இல்லாவிட்டால் அவர் முன்னாலேயே அழுதிருப்பாள்.

மார்கழி பிறந்து காலண்டர் வேலை தலைக்கு மேல் ஏறியது. ஈரோட்டு ஆர்டர் ஒன்று அன்றைக்குச் சாயங்காலம் லாரி ஏற வேண்டும். மதியச் சாப்பாட்டு மணியையும் தள்ளிப்போட்டு மெஷின் ஓடியது. காலையிலிருந்தே ஜெயக்கொடிக்கு அன்று ஏக்கம் பாடாய்ப் படுத்தியது. இத்தனை நாளில் இப்படி வந்ததில்லை. கிராம்பு மாற்றி மாற்றி வைத்தும் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தாள் அடுக்கினாள்.

அப்போதுதான் படக்கென்று ஓய்ந்தது.

முன்பு ஓய்ந்த மாதிரியேதான். தோள் இறங்கி, தாடை தளர்ந்து, ஒன்றுமே இல்லாத ஒரு அமைதி. மெஷினை நிறுத்திவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தாள். அவரிடமிருந்து ஒரு அழைப்பு வந்து போயிருந்தது. மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. உடனே திருப்பிப் போட்டாள். அடித்து ஓய்ந்தது. மறுபடியும். அடித்து அடித்து ஓய்ந்தது.

அவளுக்கு எல்லாம் கண்முன்னால் தெரிந்தது. இன்றைக்குத் தாங்க முடியவில்லை, என்னிடம் பேசினால் தாங்கலாம் என்று போன் போட்டிருக்கிறார். நான் எடுக்கவில்லை. புகையிலையை எடுத்து வாயில் அடக்கிவிட்டார். வாயில் இருக்கும்போது எந்தக் காலத்தில் போன் எடுத்திருக்கிறார்?

"என்னக்கா, மூஞ்சி இப்பிடிப் போகுது?" என்றாள் தங்கேஸ்வரி.

"ஒங்க அண்ணாச்சி கவுத்துட்டாரு. திரும்ப வச்சுட்டாரு."

"அடப்பாவமே! வீட்டுக்குப் போறியா?"

ஜெயக்கொடி ஒரு நிமிஷம் யோசித்தாள். போகலாம். போய், தோண்டி எறிந்து, கத்தி, அழுது... அவளுக்கு அலுப்பாக இருந்தது. "போயி என்ன செய்ய? என் மேல சத்தியம் பண்ணுனவருதான? சாயங்காலம் வச்சுக்கிடுறேன் கச்சேரிய" என்றாள்.

பிறகு சாப்பிட உட்கார்ந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு சோறு சோறாக ருசித்தது. தங்கேஸ்வரி கொண்டுவந்திருந்த மீன் குழம்பை இரண்டு தடவை ஊற்றிக்கொண்டாள். அச்சுக்கோளாறில் ஒரு கட்டுத் தேதித் தாளில் தை மாதம் முழுக்க வெள்ளிக்கிழமையாகவே விழுந்திருந்தது. "மாசம் முழுக்க வெள்ளிக்கிழமைன்னா, கறி திங்கவே முடியாதேடி!" என்று தங்கேஸ்வரி அடித்த கமெண்டுக்கு ஜெயக்கொடி கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். சிரிக்கும்போதே ஒரு நினைப்பு ஓடியது: இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருக்கட்டும். பாவி மனசு, நானும் செத்த இளைப்பாறிக்கிடுறேன்.

போன தடவை ஓய்ந்தது அரை மணிக்கு மேல் நிற்கவில்லை. இந்தத் தடவை சாயங்காலம் வரை ஒரு கீற்றுக்கூடத் திரும்ப வரவில்லை. அதைக்கூட அவள் தப்பாகத்தான் கணக்குப் போட்டாள். ஒண்ணு போயி ஒண்ணா அடக்கிக்கிட்டே இருக்காரு போல, விட்டதுக்கெல்லாம் சேத்து. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னென்ன திட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வந்தாள்.

கதவு ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே அவர் அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. முன்னால் முறத்தில் பாதி உரித்த சின்ன வெங்காயம். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஏறெடுத்தும் பார்க்காதே என்று அவரே சொன்னதுதானே.

"வந்துட்டேன்யா, மகராசா" என்று செருப்பை உதறிக்கொண்டே ஆரம்பித்தாள். "எத்தன தடவ போன் போட்டேன்! எப்பிடி எடுப்பீக, வாயிதான் நெறஞ்சு கெடக்கே. என் மேல சத்தியம் பண்ணுனீகளே, நான் செத்தாலும் பரவாயில்லைன்னுதான வச்சீக?" பையை ஆணியில் மாட்டினாள். குடத்துத் தண்ணீரை எடுத்துக் கொல்லையில் கால் கழுவினாள். கழுவிக்கொண்டே பேசினாள். "தையில மதுரைக்குப் போயி அந்த டாக்டரு முன்னால எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்? நான் ஒருத்தி பஸ்ஸுல கண்டவன் பக்கத்துல மோப்பம் புடிச்சுக்கிட்டுத் திரியுறேன், ஒங்களுக்காக. வாடாமல்லிச் சேலயாம், வாடாமல்லி! பேச்சப் பாரு. இப்பப் பேசுங்களேன். பேசுங்க பாப்போம்."

ஒரு 'ம்'கூட இல்லை.

அது அவளை இன்னும் கிளப்பிவிட்டது. ஈரக் காலோடு உள்ளே வந்து அவர் முன்னால் குத்தவைத்தாள். "வாயைக் காட்டுங்க" என்று தாடையைப் பிடித்தாள்.

தாடை ஜில்லென்றிருந்தது.

கைக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள மாட்டேன் என்றது மனசு. "வாயைக் காட்டுங்கன்னேன்ல" என்று விரலை உதட்டோரமாக நுழைத்தாள். பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில், தினமும் தடவுகிற அதே இடத்தில், அந்த வெள்ளைத் திட்டின் மேல், சின்னதாக ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தாள்.

கிராம்பு.

மடியில் போன் கிடந்தது. திரையில் அவள் பெயர். எத்தனையோ தடவை அவள் போட்டு அவர் எடுக்காத அழைப்புகள். அதற்கெல்லாம் கீழே, அவர் போட்டு அவள் எடுக்காத ஒன்று.

"இல்லய்யா" என்றாள் ஜெயக்கொடி. "வைக்கலயா? வைக்கவே இல்லயா நீங்க? ஐயோ, நான் சிரிச்சேனே. நான் சோறு தின்னுட்டுச் சிரிச்சேனே!" அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜனமெல்லாம் ஓடிவந்தது.

இதயம் நின்றிருக்கிறது என்றார்கள். அத்தனை வருஷப் புகையிலை இதயத்தையும் விட்டுவைக்காதாம். அதை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நின்ற நிமிஷமே உயிர் போயிருக்கும், ஓடி வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். நிஜமாகச் சொன்னாரா, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா என்பது ஜெயக்கொடிக்கு இன்று வரை தெரியாது.

காரியம் முடிந்த பிறகு பிரிசில்லா வீட்டுக்கே வந்தாள். காதுக்குப் பின்னால் மருந்து தடவி வில்லையை மெதுவாக உரித்து எடுத்தாள். எடுத்தவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, மூணாவது விதம் ஒண்ணு இருக்கு. எனக்குத் தெரியும். சொல்லவேண்டாம்னுதான் எங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்காங்க. பயந்துக்கிட்டு யாரும் போட மாட்டாங்கன்னு." அவள் குரல் உடைந்தது. "நான் சிரிச்சுக்கிட்டே 'ரெண்டே விதம்தான்'னு சொன்னேன்."

"சொல்லியிருந்தாலும் அவரத்தான் தாயி சந்தேகப்பட்டிருப்பேன்" என்றாள் ஜெயக்கொடி. "அம்புட்டுதான் எனக்கு அவருமேல நம்பிக்க. நீ அழாத."

கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த அபிநயா வயிற்றைத் தாங்கிக்கொண்டு காப்பி கொண்டுவந்து வைத்தாள். பிரிசில்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் வேலைக்குத் திரும்பினாள். "ஒண்ணு கேக்கணும்க்கா. வில்லை இல்லாமலே சில பேருக்கு அது தங்கிப்போயிருது. பங்கு வாங்குன மூளையும் படிச்சுக்கிடுது. அப்பிடி இருந்தா மறைக்காமச் சொல்லுங்க. புள்ள பொறந்தப்பறம் ஒங்க மக பாதி வாங்கிக்கிட்டா, ஒங்களுக்குச் சீக்கிரம் சரியாயிரும்."

இருந்தது. முந்தின நாள் மதியம், அவர் போன் போடுகிற அந்த நேரத்துக்கு, சொல்லிவைத்த மாதிரி இடது கன்னத்தில் ஊறியது. நாக்கு போய்த் தேடியது. அந்தப் பக்கத்திலிருந்து அனுப்ப ஆள் இல்லை. இருந்தும் வந்தது. பாதியாக இல்லை, முழுசாக. அது ஓயும் வரைக்கும் ஜெயக்கொடி அவர் சாய்ந்திருந்த சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை பெரிய வீட்டில் அவர் இருக்கிற இடம் அது ஒன்றுதான் என்று அவளுக்குப் பட்டது.

"அம்மா, சிஸ்டர் கேக்காங்கல்ல? அப்பிடி எதுவும் இருக்கா?" என்றாள் அபிநயா.

ஜெயக்கொடி முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு கிராம்பை எடுத்து இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டாள்.

"ம்ஹூம்" என்றாள்.